இழை: பின்னால் உட்கார்ந்து வாசித்தவர் பாட வந்தபோது – கரோல் கிங்கின் 'டேப்பெஸ்ட்ரி'

#1 – குழித்துறை கீபோர்டு

கீர்த்தனை இழையிலும் இளையராஜா இழையிலும் என்னைப் பார்த்திருப்பீர்கள். இது கொஞ்சம் வேறு விஷயம். அமெரிக்க இசையமைப்பாளர் கரோல் கிங் 1971ல் வெளியிட்ட 'டேப்பெஸ்ட்ரி' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நடுவில் தாவாமல் கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்?

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் சபையில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அப்புறம் கீபோர்டு வந்தது. இப்போது நாற்பத்தேழு. இத்தனை வருஷமும் பாடுகிறவர்களுக்குப் பின்னால்தான் என் இடம். யார் பாடினாலும் அவர்கள் தொண்டைக்கு ஏற்ற கட்டையில் எடுத்துக் கொடுப்பேன். மூச்சு வாங்கும் இடத்தை நிரப்புவேன். வரி மறந்து திகைத்தால் அடுத்த வரியின் முதல் சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி ஞாபகப்படுத்துவேன். கல்யாணம், அடக்கம், அறுப்பின் பண்டிகை எல்லாவற்றிலும் இதே வேலைதான், அதை நான் ஆசையோடு செய்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போது பியானோ படிக்கத் திருவனந்தபுரம் போய்வந்தேன். மார்த்தாண்டத்தில் ஏறி களியக்காவிளையில் இறங்கி, அங்கிருந்து ஆனவண்டி, கேரள அரசு பஸ். ஒரு நாள் இடவப்பாதி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டிருந்தார். மழைக்காலத்தில் மரம் ஊதிப்போகும், அமுக்கின கட்டை எழும்பாது, பல்புச் சூட்டில்தான் மெல்ல உலரும். அன்றைக்கு நடுவில் இருந்த இரண்டு கட்டைகள் எழும்பவே இல்லை. "இன்னு வாயிக்கண்டா, கேட்டா மதி" (இன்றைக்கு வாசிக்கவேண்டாம், கேட்டால் போதும்) என்று சொல்லி ஒரு கேசட்டைப் போட்டார்.

மூன்றாவது பாட்டில், 'இட்ஸ் டூ லேட்'டில், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாடுகிற குரலில் பெரிய மினுக்கம் எதுவும் இல்லை. மேலே போகும்போது ஓரத்தில் லேசாகக் கிழிகிறது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அதற்கான கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், எங்கே விழும் என்று முன்னாலேயே தெரிந்ததுபோல வந்து உட்காருகிறது. யார் பாடுவது என்று கேட்டேன். பியானோ வாசிக்கிறவரேதான் என்றார் டீச்சர். பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் வாயைத் திறந்து பாடலாம் என்று எனக்குத் தெரிந்ததே அந்தச் சாயங்காலத்தில்தான்.

என் கருத்து இதுதான்: இந்த ஆல்பத்தின் அழகு அந்தக் குரல் பாடகியின் குரலாக இல்லாமல் வாசிக்கிறவரின் குரலாக இருப்பதில்தான் இருக்கிறது. உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?

#2 – ஆனவண்டி

அக்கா, இந்த இழைக்காகத்தான் காத்திருந்தேன். பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

கரோல் கிங் 1942 பிப்ரவரி 9ல் நியூயார்க்கில் பிறந்தவர், வளர்ந்தது புரூக்ளினில். பியானோ சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா. பதினேழு வயதில் ஜெர்ரி கோஃபினோடு கல்யாணம், பதினெட்டில் முதல் குழந்தை. கோஃபின் ஒரு வேதியியல் கூடத்தில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் பிராட்வே 1650ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஆல்டன் மியூசிக் என்ற பாட்டுப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு பியானோ, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி இன்னொரு பாட்டை அடித்துக்கொண்டிருக்கும்.

'வில் யூ லவ் மீ டுமாரோ' பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெட்டை டேப்பில் வாசித்துவைத்து, ஒரு குறிப்பும் எழுதிவைத்துவிட்டு கரோல் மாஜாங் விளையாடப் போய்விட்டார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கோஃபின் அதைப் போட்டுக் கேட்டு வரிகளை எழுதினார். 1960ல் ஷிரெல்ஸ் பாடினார்கள், 1961 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. பாடல் பதிப்பாளரே நேரில் வந்து, இனிமேல் கூடத்துக்கு வேலைக்குப் போகவேண்டாம் என்று கோஃபினிடம் சொன்னாராம்.

ஆக, பத்து வருஷம் அவர் மற்றவர்களுக்காக எழுதினார். மேடை ஏறக் கூச்சம். 1970ல் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கச்சேரி கரோல் முன்பு படித்த குயீன்ஸ் கல்லூரியிலேயே நடந்தது. அன்றைக்கு 'அப் ஆன் தி ரூஃப்' பாட்டை நீதான் பாடவேண்டும் என்று டெய்லர் சொல்லிவிட்டார். அவர் எழுதிய பாட்டேதான், 1962ல் டிரிஃப்டர்ஸ் குழு பாடியது. பியானோவை விட்டு எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே பாடினார். அதற்கடுத்த ஜனவரியில்தான் 'டேப்பெஸ்ட்ரி' பதிவு.

பின்னால் இருக்கிற ஆளை "நீ பாடு" என்று ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது, பாருங்கள் அக்கா.

#3 – ரப்பர்மரம்

நான் எதிர்க்கட்சி. ஆல்பம் பிடிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் "வாசிக்கிறவரின் குரல்" என்று சொல்லி அந்தக் குரலுக்கு அளவுக்கு மீறி மதிப்பெண் போடுகிறோமோ என்று தோன்றுகிறது.

கரோல் எழுதிய 'நேச்சுரல் வுமன்' பாட்டை எடுங்கள். 1967ல் அரிதா ஃபிராங்க்ளின் பாடினதைக் கேளுங்கள். அப்புறம் இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வருவதைக் கேளுங்கள். அரிதா டெட்ராயிட்டில் ஒரு போதகரின் மகள், சபையில் பாடி வளர்ந்தவர். அவர் பல்லவிக்கு வரும்போது ஒரு கூட்டமே எழுந்து நிற்பதுபோல இருக்கிறது. கரோல் பாடும்போது ஒரு நல்ல பாட்டு எனக்குச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். ஷிரெல்ஸ் பாட்டும் அப்படித்தான், அதையும் இந்த ஆல்பத்தில் கரோல் பாடியிருக்கிறார். பதின்வயசுப் பெண் "நாளைக்கும் என்னை நேசிப்பாயா" என்று கேட்பதில் ஒரு பயம் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து இருபத்தெட்டு வயதில் கேட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது.

'சோல்' என்கிற சொல்லை எங்கே வைப்பது என்பதுதான் என் கேள்வி. அது கறுப்பினச் சபைகளில் பிறந்த பாடும் முறை. இது அதைப் பக்கத்தில் இருந்து கேட்டு வளர்ந்த ஒருவரின் பாப்.

#4 – பாறசாலை டீச்சர்

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். குரல் பற்றி நீங்கள் பேசுங்கள், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். ரப்பர்மரம் கேட்ட 'சோல்' எங்கே இருக்கிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

கீபோர்டு பக்கத்தில் இருந்தால் இப்போதே வாசித்துப் பாருங்கள். இடதுகையில் ஜி-யை ஊன்றுங்கள். வலதுகையில் ஜி கார்டு பிடிக்காதீர்கள், எஃப் மேஜர் பிடியுங்கள். அப்படியே நிறுத்துங்கள். கீழே அடித்தளம் ஒன்று, மேலே அதற்கு ஒட்டாத கூரை ஒன்று. வீட்டுக்குப் போகவேண்டும், ஆனால் வாசலில் நின்று தயங்குகிற மாதிரி இருக்கும். இப்போது சி மேஜருக்கு வாருங்கள். அந்தத் தயக்கம்தான் கரோல் கிங்கின் கையெழுத்து. சாதாரணமாக ஜி செவன்த் போட்டு நேராக வீட்டுக்குள் போய்விடும் இடத்தில் அவர் இந்தத் தயங்குகிற கார்டைப் போடுவார். சபைப் பியானோவிலிருந்து வந்த பழக்கம் இது. 1970களின் பாப் முழுக்க இது பரவியதற்கு இந்த ஆல்பம் ஒரு பெரிய காரணம்.

அடுத்து 'இட்ஸ் டூ லேட்'. சரணத்தில் ஏ மைனரும் டி மேஜரும் மாறி மாறி வரும். டி மேஜரில் எஃப் ஷார்ப் இருக்கிறது. ஏ-யைச் சட்ஜமாக வைத்துச் சுரங்களை அடுக்கிப் பாருங்கள், கரகரப்பிரியா ராகம் கிடைக்கும். சோகம்தான், ஆனால் இருட்டு இல்லாத சோகம், அந்த எஃப் ஷார்ப், சதுஸ்ருதி தைவதம், அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பல்லவி வந்ததும் பி ஃபிளாட்டும் எஃப் மேஜரும் வந்துவிடுகின்றன. அதுவரை எஃப் ஷார்ப்பாக இருந்தது அரைச் சுரம் இறங்கி எஃப் ஆகிறது. "காலம் கடந்துவிட்டது" என்று சொல்கிற அதே இடத்தில் தைவதம் கீழே இறங்குகிறது! என் மாணவர்களிடம் இந்த ஒரு சுரத்தை மட்டும் தனியாக அடித்துக் காட்டுவேன். எட்டு வயசுப் பிள்ளையும் "ஏதோ மாறிப்போச்சு டீச்சர்" என்று சொல்லும்.

முதல் பாட்டு 'ஐ ஃபீல் தி எர்த் மூவ்' இதற்கு நேர் எதிர். சி மைனரில் இடதுகை தாளக்காரனாகவே ஆகிவிடுகிறது. அதை வாசிக்கும்போது மணிக்கட்டு இறுகினால் போச்சு. முழங்கையிலிருந்து விடவேண்டும், சப்பாத்திமாவு பிசைகிற மாதிரி. மென்மையான பாட்டு எழுதுகிற பெண் என்று கரோலை நினைத்திருப்பவர்களை அந்த முதல் நான்கு வினாடி திருத்திவிடும்.

ரப்பர்மரம் தம்பி, குரலில் 'சோல்' எத்தனை பங்கு என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். விரலில் இருக்கிறது.

#5 – கொழிஞ்சாம்பாறை

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு புது ஆள். இங்கிலீஷ் பாட்டு எனக்குப் பழக்கமில்லை. இழையைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து முழுசாகக் கேட்டேன். நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

வார்த்தை பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பாடுகிறவர் எதிர்த்தாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. பெடலிலிருந்து காலை எடுப்பதுகூடக் கேட்குமோ என்று காதைத் தீட்டினேன். எங்கள் பக்கத்துச் சினிமாப் பாட்டில் அம்பது வயலின் இருக்கும், எனக்கு அதுவும் உயிர். இதில் எப்படி இவ்வளவு கொஞ்சத்தை வைத்து அறை நிறைந்தது?

#6 – ஆனவண்டி

கொழிஞ்சாம்பாறை அண்ணே, நீங்கள் கேட்டது விஷயத்தின் மர்மத்தையே தொட்டுவிட்டது.

தயாரிப்பாளர் லூ ஆட்லர் முன்பு ஆல்டன் மியூசிக்கில் வேலை பார்த்தவர். புதுப் பாட்டு எழுதியதும் "இது இப்படி இருக்கும்" என்று பாடகர்களுக்குக் காட்ட கரோல் தானே பியானோ வாசித்துப் பாடிய மாதிரிப் பதிவுகள், டெமோ என்பார்களே, அவை அவர் கைக்கு வரும். அவற்றை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாராம். பெரிய குழு பாடி வெளிவந்த இசைத்தட்டைவிட அந்த டெமோதான் அவருக்குப் பிடிக்கும். அதனால் 'டேப்பெஸ்ட்ரி' கேட்கிறவனுக்கு அந்த டெமோ மாதிரியே இருக்கவேண்டும், கரோல் பியானோவில் உட்கார்ந்திருப்பது தெரியவேண்டும் என்பதுதான் அவர் முடிவு.

1971 ஜனவரியில் ஹாலிவுட்டில் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் சில வாரங்களில் பதிவை முடித்துவிட்டார்கள். சார்லி சாப்ளின் தன் படங்களுக்காகக் கட்டிய இடம் அது. ஒலிப்பதிவு ஹாங்க் சிகாலோ. பேஸ் கிட்டார் சார்லஸ் லார்க்கி, அப்போது கரோலின் கணவர். கிட்டாரில் டேனி கோர்ட்ச்மார், சில பாட்டுகளில் ஜேம்ஸ் டெய்லர். 'வில் யூ லவ் மீ டுமாரோ'வில் பின்குரல் ஜேம்ஸ் டெய்லரும் பாடகி ஜோனி மிட்செலும். ஜோனி அதே கட்டடத்தில் தன்னுடைய 'ப்ளூ' ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்தார். 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' பாட்டை டெய்லரும் அதே சமயத்தில் தன் ஆல்பத்துக்குப் பாடினார். அவர் பாடினது அந்த வருஷமே முதலிடத்துக்குப் போனது. ஒரே பாட்டை இரண்டு நண்பர்கள் பக்கத்துப் பக்கத்தில் பாடினார்கள், ஒருவர் மேல் ஒருவருக்குப் பொறாமை இல்லை.

ஆல்பம் வெளியானது 1971 பிப்ரவரி 10, கரோலின் பிறந்தநாளுக்கு மறுநாள். 15 வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 1972 மார்ச்சில் நான்கு கிராமி விருது. அவர் விழாவுக்கே போகவில்லை, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார்.

ரப்பர்மரம், அரிதாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக 'நேச்சுரல் வுமன்' வரும்போது டிரம்ஸ் கிடையாது. பியானோவும் லார்க்கியின் பேஸும்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அரிதா உச்சத்தில் வைத்துவிட்டுப் போன பாட்டோடு கரோல் போட்டிக்கு நிற்கவில்லை. எழுதின அறைக்கே அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறார்.

#7 – ரப்பர்மரம்

டீச்சர் சொன்ன கார்டை மகளின் சின்ன கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். வாசலில் நின்று தயங்குகிற மாதிரியேதான் இருக்கிறது. நன்றி டீச்சர்.

'சோல்' விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. 'வே ஓவர் யாண்டர்' பாட்டில் பின்குரல் மெர்ரி கிளேட்டன். அவரும் போதகர் மகள். 1969ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' பாட்டில் அந்த அலறலைக் கொடுத்தவர். அதில் சாக்ஸபோன் வாசிப்பவர் கர்ட்டிஸ் ஏமி, மெர்ரியின் கணவர். நிதானமான ஆறு எட்டுத் தாளம், நம் சபையில் வாசிக்கிறவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தப் பாட்டில் மட்டும் நான் முழுசாகச் சரணடைகிறேன். எனக்கு இன்னும் அது மெர்ரி பின்னால் வந்து நின்ற பிறகுதான் முழுசாகிறது என்றுதான் கேட்கிறது.

'வேர் யூ லீட்' பாட்டைப் பற்றியும் யாராவது பேசுங்கள். மெட்டு துள்ளுகிறது. ஆனால் "நீ எங்கே கூட்டிப்போனாலும் நான் பின்னால் வருவேன்" என்று ஒரு பெண் ஆணுக்குச் சொல்வது, இவ்வளவு தன்காலில் நிற்கிற ஆல்பத்தில் எனக்குப் பொருந்தவில்லை.

#8 – குழித்துறை கீபோர்டு

ரப்பர்மரம் அண்ணே, அந்தப் பாட்டை நான் முதல்முறை கேட்டபோதே இது பைபிளில் வரும் ரூத் என்றுதான் நினைத்தேன். நம் பக்கத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போனவர்கள் எல்லாருக்கும் அந்த வசனம் மனப்பாடம். நீர் போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று ரூத் சொல்வது புருஷனிடம் இல்லை, மாமியாரிடம். இரண்டு விதவைகள், கையில் காசு கிடையாது, வழியில் நிற்கிறார்கள். வேற்று ஊர்க்காரி, வேற்று பாஷைக்காரி, ஆனாலும் கூட வருவேன் என்கிறாள். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு அந்தக் கதை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. என் அம்மா நெய்யாற்றின்கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்தது என் பாட்டியிடம்தான், அதுவும் பாமாலை என்கிற சபைப் பாட்டுப் புத்தகத்தை வைத்து. பாட்டி கடைசியாகப் படுத்தபோது அம்மாதான் ராப்பகலாகக் கூட இருந்தார்.

பாட்டின் வரிகள் டோனி ஸ்டெர்ன் எழுதியவை, 'இட்ஸ் டூ லேட்' வரிகளும் அவருடையவைதான். ரூத்தின் அந்த வாக்குதான் அதற்கு அடிப்படை. கரோலும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அது அவர்கள் வேதத்திலும் உள்ள கதை. பாட்டில் அது ஆணைப் பார்த்துச் சொல்லும் வரியாக மாறியது கரோலுக்கும் பிற்பாடு உறுத்தியிருக்கிறது, கொஞ்ச காலம் அதைப் பாடாமலே இருந்தார். 2000ல் 'கில்மோர் கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக வரிகளை மாற்றி, தன் மகள் லூயிஸ் கோஃபினோடு சேர்ந்து பாடினார். அதில் அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஷிரெல்ஸ் பாட்டு எழுதிய வருஷம் பிறந்த அதே மகள்தான். ரூத்தின் வாக்கு சுற்றிவிட்டுப் பெண்களுக்கு நடுவில் திரும்பி வந்துவிட்டது. உங்கள் குறை சரியான குறைதான். மாற்றிப் பாடினதைக் கேட்டுப் பாருங்கள்.

#9 – செங்கோட்டை பாசஞ்சர்

டீச்சர், ஆனவண்டி எழுதினதெல்லாம் படித்துவிட்டு இன்றைக்குக் காலையில் கொல்லம் போகும் ரயிலில் கேட்டேன். பகவதிபுரம் தாண்டி மலைக்குள் போகும்போது 'சோ ஃபார் அவே'. ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தங்கவே மாட்டார்களா என்று கேட்கிற பாட்டு. எனக்கு மாதத்தில் இருபது நாள் சரக்கோடு அலைச்சல். கடைசியில் புல்லாங்குழல் வருகிறதே, அதுவும் அந்த கர்ட்டிஸ் ஏமிதானாம். குகைக்குள் போனதும் சிக்னல் போய் நின்றுவிட்டது. வெளியே வந்ததும் முதலிலிருந்து போட்டேன். ஆரியங்காவு வரை அந்த ஒரு பாட்டுதான்.

வேறு சொல்ல எனக்குத் தெரியாது. அக்காவுக்கு நன்றி.

#10 – ரப்பர்மரம்

2015 டிசம்பரில் கென்னடி மையத்தில் கரோல் கிங்குக்கு மரியாதை செய்த நிகழ்ச்சியை நேற்று பார்த்தேன். யாரும் இங்கே அதைச் சொல்லவில்லையே.

மேடைக்கு வருவது அரிதா. எழுபதைத் தாண்டியவர், நீளமான ரோமக் கோட்டு. நேராகப் போய்ப் பியானோவில் உட்கார்ந்து தானே வாசித்து 'நேச்சுரல் வுமன்' ஆரம்பிக்கிறார். மாடத்தில் கரோல் இருக்கையில் இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறார், வாயைப் பொத்துகிறார், கூடவே பாடுகிறார். ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நடுவில் அரிதா எழுந்து முன்னால் வந்து, கடைசியில் அந்தக் கோட்டைக் கீழே நழுவவிட்டுப் பாடுகிறார். மொத்த அரங்கமும் எழுந்து நிற்கிறது.

நான் இத்தனை நாள் இரண்டு பேரையும் தராசில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பேரும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. கரோலின் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, தான் எழுதினது போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்தும் 1971ல் தன் சின்னக் குரலில் அதைப் பாடி ஆல்பத்தின் கடைசியில் வைத்தார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதற்கு ஒரு தைரியம் வேண்டும். என் காதுக்கு இன்னும் அரிதாதான். ஆனால் முதல் பதிவில் அக்கா என்ன சொன்னார் என்பது இப்போது புரிகிறது.

#11 – பாறசாலை டீச்சர்

அட்டைப்படத்தை யாரும் பேசவில்லை. ஜிம் மெக்ராரி எடுத்த படம், லாரல் கேன்யனில் கரோலின் வீட்டு ஜன்னலோரம். ஜீன்ஸ், வெறுங்கால், சுருட்டை முடி, கையில் அவரே தைத்துக்கொண்டிருந்த டேப்பெஸ்ட்ரி, அதாவது ஊசியால் சித்திரம் போட்ட துணி. முன்னால் பூனை, பெயர் டெலிமாக்கஸ். வீட்டில் இருக்கிற பெண்ணை வீட்டில் இருக்கிற மாதிரியே காட்டியிருக்கிறார்கள். என்னிடம் படிக்க வரும் பெண்பிள்ளைகளுக்கு வாசிப்பைவிட முதலில் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

குழித்துறை அக்கா, ஒன்று கேட்கலாமா? முப்பது வருஷத்துக்கு முன்னால் வாசிக்கிறவரும் பாடலாம் என்று தெரிந்தது என்றீர்களே. பாடினீர்களா?

#12 – குழித்துறை கீபோர்டு

டீச்சர், இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

ஒரு தடவை முயன்றேன். இருபத்திரண்டு வயது. ஒரு கிறிஸ்துமஸ் பயிற்சியில் தனிப்பாட்டுக்காரர் வரவில்லை. நான் வாசித்துக்கொண்டே இரண்டு சரணம் பாடினேன். அன்றைக்குக் கொயரை நடத்தியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "நீ நல்லா வாசிக்கிற, அது போதும். குரல் உள்ளவங்க பாடட்டும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பண்டிகைக்கு ஐந்து நாள்தான் இருந்தது, அவருக்கு அவசரம். ஆனால் அந்த "போதும்" எனக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பயிற்சியில்கூட வாயை மூடிக்கொண்டுதான் வாசிப்பேன்.

இந்த இழையைத் திறந்த அன்று இதை எழுத நினைக்கவில்லை. ரப்பர்மரம் அண்ணன் அரிதாவைப் பற்றி எழுதினதைப் படித்த ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் 'வே ஓவர் யாண்டர்' வாசித்தேன். எனக்கு ஏற்ற கட்டை எது என்றே எனக்குத் தெரியவில்லை! கொயரில் இருக்கிற இருபத்திமூன்று பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. டிரான்ஸ்போஸ் பட்டனை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். இரண்டு கட்டை கீழே வந்ததும் தொண்டை திறந்துகொண்டது. மேலே போகிற இடத்தில் ஓரத்தில் கிழிந்தது. நிறுத்தாமல் முடித்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் கதவோரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். ஹெட்போனில் எனக்குப் பியானோ கேட்டது, அவளுக்கு என் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"யார் பாட்டும்மா?" என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி பாடச் சொன்னாள், இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு.

#13 – கொழிஞ்சாம்பாறை

அக்கா, கடையில் உட்கார்ந்து படிக்கிறேன், கண் கலங்கிவிட்டது. பதிவு செய்து போடுங்கள் என்று கேட்கமாட்டேன். அடுத்த தடவை பாடும்போது வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்.

#14 – பாறசாலை டீச்சர்

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. களியக்காவிளையிலிருந்து பத்து நிமிஷம், பஸ் ஸ்டாப்பில் நான் நிற்கிறேன். மகளையும் கூட்டி வாருங்கள். என்னிடம் நிமிர்ந்த பியானோ ஒன்று இருக்கிறது, பழசுதான், மழைக்கு முன்னால்தான் சுருதி சேர்த்தோம். 'வேர் யூ லீட்' எடுக்கலாம், அம்மாவும் மகளும் பாடுகிற வரிகளோடு. நான் வாசிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று பாடுங்கள்.

#15 – குழித்துறை கீபோர்டு

வருகிறேன் டீச்சர். ஆனால் வாசிப்பது நானாகவே இருக்கட்டும், உட்கார்ந்தால்தான் எனக்குக் குரல் வரும். பல்பை வெள்ளிக்கிழமை ராத்திரியே போட்டு வையுங்கள், இங்கே மழை பிடித்துவிட்டது.